வெறும் ரக்கியா ஊற்றிய தட்டு

நெவேன்கா பான்டெலிச் முப்பத்தோரு வருடமாகப் புற்றுநோய்ச் செல்களுக்குச் சோறு போட்டு வந்தாள். ஈஸ்டர் வந்தாலும் தேர்தல் வந்தாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வல்யேவோ ஊரின் ஓரத்தில் இருந்த ஆய்வு நிலையத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறுவாள். தட்டுகளில் குடியிருக்கும் செல்களின் பழைய சாப்பாட்டை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவாள். அவை யாருடைய பெருங்குடலிலிருந்து எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டவையோ, அந்தப் புண்ணியவான் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். செல்கள் மட்டும் தின்று கொழுத்துப் பெருகிக்கொண்டே இருந்தன.

அவள் பதவியின் பெயர் ஆய்வக உதவியாளர். அவள் காலத்தில் ஏழு இயக்குநர்கள் வந்து போனார்கள். கட்சி மாறும்போது இயக்குநர் மாறுவார், இயக்குநர் மாறும்போது வாசலில் இருக்கும் மிதியடி மாறும், நெவேன்கா மாறமாட்டாள். நிலையத்தின் கட்டுரைகள் கண்ணாடிச் சட்டத்தில் தாழ்வாரம் முழுக்க மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்பது பேர், பதினோரு பேர் பெயர். கார் ஓட்டிக்கொண்டு போய் மாதிரிகளை இறக்கியவரின் மைத்துனர் பெயர்கூட ஒன்றில் இருந்தது. நெவேன்காவின் பெயர் கடைசி வரியில், நன்றி என்ற சொல்லுக்குப் பிறகு, எறும்பு அளவு எழுத்தில் வரும். இரண்டு முறை அதிலும் எழுத்துப்பிழை.

அவள் அதற்கெல்லாம் மனம் நோகிறவள் இல்லை. நோகிறவள்தான், வெளியே காட்டமாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு கர்வம் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு பொய்யான எண்ணை அவள் நோட்டில் எழுதியதில்லை. பதினொன்று வந்தால் பதினொன்று. பன்னிரண்டு வந்தால் நன்றாக இருக்குமே என்று ஆறாவது இயக்குநர் கெஞ்சியபோதும் பதினொன்றுதான் எழுதினாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். இயந்திரம் இல்லாமலேயே, தட்டின் நிறத்தைப் பார்த்துச் செல்களின் யோகக்ஷேமத்தைச் சொல்லிவிடுவாள். சாப்பாட்டுத் தண்ணீரில் ஒரு சாயம் கலந்திருக்கும், பார்க்க இளஞ்சிவப்பு. செல்கள் சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்கினால் தண்ணீர் மஞ்சளாகும். செத்துவிட்டால் தின்ன ஆளில்லை, சிவப்பு சிவப்பாகவே கிடக்கும். சமையற்காரிக்குச் சாம்பாரின் கொதியை வைத்து உப்புத் தெரிவது மாதிரிதான் இதுவும்.

ஏழாவது இயக்குநர் பேராசிரியர் மோம்சிலோ. நல்ல உயரம், வெள்ளை மீசை, தொலைக்காட்சிக்கென்றே தனியாக ஒரு கழுத்துப்பட்டை. அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி ஷிம்ஷிரிகா என்ற முள்செடியைப் பற்றியது. வேரைக் கீறினால் உள்ளே மஞ்சள் மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சளுக்குப் பெர்பெரின் என்று பெயர். மஞ்சள் காமாலைக்கும் வயிற்றுக்கும் அதைக் கொதிக்கவைத்துக் குடிக்காத வீடு அந்த வட்டாரத்தில் இல்லை.

முதல் எட்டு மாதம் ஜெர்மனியிலிருந்து வாங்கிய சுத்தமான பெர்பெரின் பொடியை வைத்து வேலை நடந்தது. நெவேன்காவுக்கு அந்த முடிவுகள் பிடித்திருந்தன. செல்லுக்குள் இரண்டு அடுப்பு உண்டு. ஒன்று மைட்டோகாண்ட்ரியா, காற்றில் இருக்கும் ஆக்சிஜனை வைத்து நிதானமாக எரிகிற பெரிய அடுப்பு. இன்னொன்று காற்றே இல்லாமல் சர்க்கரையை அப்படியே உடைத்துப் பிழைக்கிற சில்லறை அடுப்பு. பெர்பெரின் உள்ளே போய்ப் பெரிய அடுப்பின் முதல் படியிலேயே குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். செல் மூச்சு விடுவது பாதியாகக் குறையும். ஆனால் புற்றுநோய்ச் செல் லேசுப்பட்டதா? சட்டென்று சில்லறை அடுப்புக்கு மாறி, இரட்டிப்புச் சர்க்கரையைத் தின்று, புளிப்பைக் கக்கித் தள்ளும். சாயங்காலத்துக்குள் தட்டு மஞ்சளாகிவிடும். சாகாது, ஆனால் வளர்ச்சி மந்தப்படும். நேர்மையான, சின்ன முடிவு. பத்து வருடம் பொறுமையாக உட்கார்ந்தால் ஏதாவது உருப்படியாக வரலாம். தொலைக்காட்சிக்கு இது காணாது.

"ஜெர்மன்காரன் பொடி, நெவேன்காம்மா" என்றார் பேராசிரியர் ஒரு நாள் காப்பியை உறிஞ்சிக்கொண்டே. "டப்பால அடைச்சு வர்றதுல என்ன சத்து இருக்கும்? நம்ம போவ்லென் மலை வேரைப் போட்டுப் பாருங்க."

அந்த ஊரில் இந்தப் பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசமாட்டார்கள். தக்காளி என்றால் சொந்தத் தோட்டத்துத் தக்காளி. பாலாடை என்றால் அத்தை வீட்டுப் பாலாடை. கடையில் வாங்கியதை விருந்தாளிக்கு வைத்தால் அடுத்த வருடம் விருந்தாளி வரமாட்டார். டாக்டர் பட்டம் வாங்கினவரும் அந்த ஊர்க்காரர்தானே.

வேர் வந்தது. அதிலிருந்து சாறு இறக்கச் சுத்தமான ஆல்கஹால் வேண்டும். நிலையத்தின் அலமாரியில் ஒரு சொட்டு இல்லை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், குடும்பப் புனிதர்களின் திருநாட்கள் வரிசையாக வருவதற்கு முன், நிலையத்தின் ஆல்கஹால் ஒவ்வொருவர் வீட்டிலும் பச்சை வால்நட் ஊறப்போட்ட மதுவாக மறுபிறவி எடுத்துவிடும். புதிதாக வாங்க மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்பது சட்டம். இரண்டுதான் வந்தது, ரத்து செய்துவிட்டார்கள்.

"உங்கண்ணன் காய்ச்சறார் இல்ல?" என்றார் பேராசிரியர்.

காய்ச்சுகிறார். நெவேன்காவின் அண்ணன் வித்தோமிர் முப்பது வருடம் வல்யேவோவுக்கும் பெல்கிரேடுக்கும் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரின் எல்லையில் நூறு பிளம் மரம், ஒரு செம்புப் பாண்டம். அதில் அவர் காய்ச்சும் பழச்சாராயமான ரக்கியாவைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் பேருந்தைவிட நீளமாகப் போகும். அந்த வசந்தத்தில்தான் அவருக்குப் பெருங்குடலில் கட்டி என்று கண்டுபிடித்திருந்தார்கள். இன்னும் பரவவில்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்று அறுவை நிபுணர் டாக்டர் லாஸிச் தேதியும் கொடுத்துவிட்டார், ஜூன் பதினான்கு.

நெவேன்கா அதைக் கேட்ட நாளிலிருந்து தட்டுகளைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. தான் தினமும் ஊட்டி வளர்ப்பதும் அண்ணனின் வயிற்றில் இருப்பதும் ஒரே ஜாதி. அதன் பசி அவளைவிட யாருக்குத் தெரியும்? நேற்றுத் தட்டில் அங்கங்கே இருந்தது இன்றைக்கு இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொண்டு நிற்பதை முப்பத்தோரு வருடமாகப் பார்க்கிறாள். சில நாள் அவற்றுக்குச் சாப்பாடு ஊற்றக் கை வராது. ஊற்றத்தான் செய்தாள், வேலை அது.

அண்ணனிடம் இரண்டு லிட்டர் கேட்டாள். எதற்கு என்றார். லேபுக்கு என்றாள். உள்ளே போய் ஒரு கேனைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வேர் ஒரு வாரம் ரக்கியாவில் ஊறியது. சோதனை நாளில் நெவேன்கா வழக்கம்போல ஒரு தட்டை ஒதுக்கிவைத்தாள். வேர் இல்லாமல் வெறும் ரக்கியா மட்டும் ஊற்றிப் பார்க்க. எந்த மருந்தைச் சோதித்தாலும் மருந்தைக் கரைத்த தண்ணீரையும் தனியாகச் சோதிக்கவேண்டும். முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம் அது.

"இது எதுக்கு?" என்றார் பேராசிரியர்.

"வெறும் ரக்கியாவுக்கு, சார்."

"நம்ம ரக்கியாவையா சந்தேகப்படுறீங்க? தட்டு இருக்கிறதே பதினெட்டு. அதுலயும் வேர்ச்சாறையே ஊத்துங்க." அவள் சொட்டுக் கணக்கில் அளந்து விடுவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, கஞ்சக்காரி வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அதுங்களுக்குச் சொட்டு விடுறீங்க. தாராளமா ஊத்துங்க."

நெவேன்கா ஊற்றினாள். இந்த இடத்தில் அவளையும் சும்மா விடுவதற்கில்லை. ஆறாவது இயக்குநரிடம் பதினொன்று என்று அடம்பிடித்தவள், ஏழாவது இயக்குநரிடம் ஒரு தட்டுக்காகச் சண்டை போடவில்லை. அன்றைக்குக் காலையில் அண்ணி அழுதுகொண்டே பேசியிருந்தாள், மனம் எங்கோ இருந்தது.

மறுநாள் இயந்திரத்தில் வைத்து அளந்தார்கள். செல்கள் மூச்சு விடும் அளவு பூஜ்யம். ஜெர்மன் பொடியில் பாதியாகக் குறைந்தது, போவ்லென் வேரில் முழுசாக நின்றே போய்விட்டது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் தண்ணீர். நெவேன்காவை இரண்டு கன்னத்திலும் மாறி மாறி மூன்று முத்தம் கொடுத்துவிட்டு நேராக அறைக்குப் போய்க் கழுத்துப்பட்டையை மாற்றிக்கொண்டார்.

அன்று மாலையே உள்ளூர்த் தொலைக்காட்சியில் வந்தார். "நம் மண்ணில் விளைந்த வேர் புற்றுநோயின் அடுப்பையே அணைத்துவிட்டது" என்றார். எப்படிச் சாப்பிடவேண்டும் என்று நிருபர் பெண் கேட்டாள். "நான் விஞ்ஞானி. அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை" என்று கையை விரித்தவர், அங்கேயே வாயை மூடியிருக்கலாம். "ஆனால் நம் பாட்டன்மார் இதை ரக்கியாவில் ஊறவைத்துக் காலையில் ஒரு சின்னக் கிளாஸ் குடித்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் சந்தையில் ஷிம்ஷிரிகா வேர் தீர்ந்துபோனது. பதினொரு மணிக்கு ரோஜாச் செடியின் வேரை மஞ்சளில் முக்கி விற்றார்கள். அதுவும் தீர்ந்தது.

மதியம் நெவேன்கா தட்டுகளைக் கழுவ எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினெட்டுத் தட்டும் இளஞ்சிவப்பு.

மஞ்சளாகியிருக்கவேண்டும். பெரிய அடுப்பை அணைத்தால் சில்லறை அடுப்பு எரியும், புளிப்பு வரும், தண்ணீர் மஞ்சளாகும். இங்கே ஒன்றுமே எரியவில்லை. வேர் அடுப்பை அணைக்கவில்லை. ஊற்றிய கையோடு வீடே இடிந்து விழுந்திருக்கிறது.

அப்போதுதான் அண்ணி ஸாகோர்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"நெவேன்கா, உங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டாரு. டிவியப் பார்த்ததுலேர்ந்து வேரும் ரக்கியாவுமா உக்காந்திருக்காரு. உங்க லேப்ல கண்டுபிடிச்சதாமே? நீதான் கைப்பட செஞ்சதாமே?"

"நான்தான் செஞ்சேன் அண்ணி" என்றாள் நெவேன்கா. வேறென்ன சொல்வது?

சனிக்கிழமை நிலையத்தில் ஈ காக்கை இல்லை. நெவேன்கா தனியாக வந்து, பேராசிரியர் வைக்கவிடாத தட்டை வைத்தாள். ஒன்றில் வெறும் ரக்கியா. இன்னொன்றில் வேர்ச்சாறு, ஆனால் ரக்கியாவை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சிய மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். வெறும் ரக்கியா ஊற்றிய தட்டில் மூச்சு பூஜ்யம், நிறம் இளஞ்சிவப்பு. ரக்கியா இல்லாத வேர்ச்சாறு ஊற்றிய தட்டில் மூச்சு பாதி, நிறம் பளிச்சென்ற மஞ்சள், செல்கள் உயிரோடு. ஜெர்மன்காரன் பொடி என்ன செய்ததோ அதையேதான் போவ்லென் வேரும் செய்தது, ஒரு மயிரிழை கூடவும் இல்லை குறையவும் இல்லை.

திங்கட்கிழமை நோட்டைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் மேசையில் விரித்தாள்.

"வேர் கொல்லல சார். ரக்கியாதான் கொன்னிருக்கு."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "யார் உங்கள இதப் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்ப இது நிலையத்தோட ஆராய்ச்சி இல்ல. உங்க பொழுதுபோக்கு." குரலைத் தாழ்த்தினார். "நெவேன்காம்மா, மந்திரி வர்றார். மலையில வேர்ச்சாறு எடுக்கற ஆலை வைக்கிறதாப் பேச்சு. இப்பப் போய் ரக்கியா, தட்டுன்னு... ஒப்பிட்டுப் பாக்கற கண்ட்ரோல் தட்டெல்லாம் அடுத்த திட்டத்துல பாத்துக்கலாம். அதுக்குன்னே ஒரு திட்டம் போட்டா நிதியும் வாங்கலாம்."

"எங்கண்ணன் ஆபரேஷன் வேண்டாங்கறார் சார். பதினாலாம் தேதி. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

"ஐயோ பாவம்" என்றார் பேராசிரியர். மனமாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நோட்டின் அந்தப் பக்கத்தை மூடினார்.

அன்று மாலை நெவேன்கா அண்ணன் வீட்டுக்குப் போனாள். வித்தோமிர் பிளம் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். எதிரே பாலாடை, புகையிலைத் தூள் மாதிரி உதிர்த்த பன்றிக்கொழுப்பு வறுவல், மஞ்சள் நிறத்தில் ஒரு பாட்டில். வறுவலைத் தொட்ட மாதிரி தெரியவில்லை. அது அவருக்கு உயிர்.

"வாங்க விஞ்ஞானி! ஸாகோர்கா, காப்பி போடு. நம்ம வீட்டுக்கு உலகத்தக் காப்பாத்தினவ வந்திருக்கா."

"அண்ணே, நான் சொல்றத முழுசாக் கேளு. அது தப்பு. வேர் ஒண்ணும் பண்ணல. உன் ரக்கியா ஊத்தினதுல செல் எல்லாம் செத்துப்போச்சு. வெறும் ரக்கியாவ ஊத்திப் பார்த்தேன். அதே கதைதான்."

வித்தோமிர் கிளாஸைக் கீழே வைத்தார். முகம் மெல்ல மலர்ந்தது. அவள் எதிர்பார்த்த முகம் அது இல்லை.

"வேர் இல்ல?"

"இல்ல."

"என் சரக்கா?"

"அண்ணே, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஸாகோர்கா! அடியே ஸாகோர்கா! இங்க வாடி! நாப்பது வருஷமாக் குடிக்காத குடிக்காதன்னு கழுத்த அறுத்தியே, இப்ப இவ வாயாலயே கேளு. என் சரக்கு கேன்சரக் கொல்லுதாம்!"

"எல்லாத்தையும்தான் கொல்லும்! ப்ளீச் ஊத்தினாலும் சாகும்!"

"ப்ளீச்ச நான் காய்ச்சலையே" என்றார் வித்தோமிர்.

காப்பியோடு வந்த ஸாகோர்கா யாரை முறைப்பது என்று தெரியாமல் இருவரையும் முறைத்தாள். நெவேன்கா விடவில்லை. தட்டில் ஊற்றுவது வேறு, வாயில் ஊற்றுவது வேறு, குடலில் இருக்கும் கட்டிக்கு அது போய்ச் சேர்வதற்குள் கல்லீரல் உடைத்துத் தீர்த்துவிடும் என்று மேசைமேல் விரலால் படம் போட்டுச் சொன்னாள். வித்தோமிர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு யோசனையோடு தாடையைத் தடவினார்.

"ஒரு விஷயம் இடிக்குதே. உனக்கு நான் குடுத்தது முதல் வடி. நல்லத லேபுக்குக் குடுப்பனா? மேசை தொடைக்கன்னு நெனச்சேன். நான் இத்தன நாளாக் குடிக்கிறது நடு வடி. அதான் வலி குறையல. முதல் வடியக் குடிக்கணும்!"

நெவேன்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சும்போது முதலில் இறங்கும் வடியை அந்த ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காலில் தேய்ப்பார்கள், ஜன்னல் துடைப்பார்கள். வாயில் வைக்கமாட்டார்கள். வைத்தால் கண் போகும், அதற்கும் மேல் போனால் ஆளே போவார். வித்தோமிர் எழுந்து கொட்டகைக்குப் போய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெவேன்கா அதைப் பிடுங்கினாள். ஐம்பத்தொன்பது வயதுத் தங்கையும் அறுபத்தேழு வயது அண்ணனும் ஒரு பிளாஸ்டிக் கேனுக்காக மரத்தடியில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அவள் மூடியைத் திருகி, இருந்த அத்தனையையும் மண்ணில் கவிழ்த்தாள்.

"மருந்தக் கொட்டிட்டியேடி, பாவி!" என்று கத்தினார் வித்தோமிர்.

"பதினாலாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போ! அதுதான் மருந்து!"

"போயி? வயித்துல ஓட்டை போட்டு, வெளிக்குப் போறதுக்குப் பை மாட்டி விடுவான். அந்த லாஸிச் படம் போட்டுக் காட்டினான்." அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அம்பது பேரப் பின்னாடி உக்காத்தி வெச்சு ஓட்டினவன்டி நான். ஒருத்தன் மூக்கச் சுளிச்சதில்ல. பையோட நான் எந்தக் கல்யாணத்துக்குப் போறது? யார் பக்கத்துல உக்கார்றது?"

நெவேன்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் வேரையும் நம்பவில்லை, ரக்கியாவையும் நம்பவில்லை. பயந்துபோயிருக்கிறார். பயந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தவருக்குத் தொலைக்காட்சி ஒரு சாக்கைக் கொடுத்தது. அந்தச் சாக்கைத் தயாரித்துக் கொடுத்தவள் தான். அண்ணன் மீது அவளுக்குப் பொங்கிய கோபம் அப்படியே திரும்பித் தன் மீது விழுந்தது.

பேருந்தில் வீடு திரும்பும்போது யோசித்தாள். உண்மையைச் சொல்லியாயிற்று. உண்மை அண்ணனை முதல் வடி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது. இன்னும் கொஞ்சம் உண்மையைச் சொன்னால் அவரைப் புதைத்துவிட்டுத்தான் ஓயும்போல. அவருக்கு வேண்டியது கௌரவமாகக் கத்திக்கு அடியில் படுக்க ஒரு வழி. தங்கச்சி சொல்லிப் போனான் என்று இருக்கக்கூடாது, பயத்தை மீறிப் போனான் என்றும் இருக்கக்கூடாது. முறைப்படி போனான் என்று இருக்கவேண்டும். அந்த நாட்டில் முறை என்றால் வட்ட முத்திரை குத்திய காகிதம். முத்திரை இல்லாவிட்டால் செத்தவன்கூடச் செத்தவன் இல்லை. முத்திரை இருந்தால் கழுதைக்கும் ஓய்வூதியம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஒரு பக்கம் தட்டச்சு செய்து பேராசிரியரிடம் நீட்டினாள். அதில் இருந்தது இதுதான்: ஷிம்ஷிரிகா வேர்ச்சாறு, கட்டி அறுவையின் மூலம் அகற்றப்பட்ட பிறகே செல்களில் வேலை செய்கிறது. கட்டி உள்ளே இருக்கும்போது பருகினால் பலன் இல்லை. அறுவைக்கு முன்னும், அதன் பின் மருத்துவர் அனுமதிக்கும் வரையிலும் ஒரு சொட்டும் கூடாது. முதல் வடி எக்காலத்திலும் கூடாது.

பேராசிரியர் இரண்டு முறை படித்தார். எண் எங்கே, அட்டவணை எங்கே, கட்டி இருக்கும் தட்டு, கட்டி எடுத்த தட்டு என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று அவர் கேட்கப்போகிறார் என்று நெவேன்கா காத்து நின்றாள்.

"இது புதுக் கண்டுபிடிப்பா?"

"ஆமா சார்."

"சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றாள் நெவேன்கா. முப்பத்தோரு வருடத்துக் கர்வம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. போனதும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, கூரை இடிந்து விழவில்லை.

பேராசிரியரின் மீசை துடித்தது. "பிரமாதம். அறுவை நிபுணர்களையும் நம்ம பக்கம் இழுத்துடலாம். மந்திரிகிட்டயும் சொல்லலாம், மருத்துவமனையோட கூட்டுத் திட்டம்." முந்தின நாள் உண்மையை மூடிய அதே கை பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டது. கீழே தன் பட்டங்களை நாலு வரிக்கு எழுதினார். முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். முதல் குத்து லேசாகத் தெரிந்ததால் பக்கத்தில் இன்னொன்றும் குத்தினார்.

வித்தோமிர் அந்தக் காகிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தார். முத்திரையில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மை பரவியது, அசல்தான்.

"ரெண்டு முத்திரை" என்றார் மனைவியிடம்.

"அப்ப முதல்ல கத்தி, அப்புறம்தான் சரக்கு. ஏன் முன்னாடியே சொல்லல?" இது தங்கையிடம்.

"முன்னாடி தெரியலண்ணே. இப்பத்தான் கண்டுபிடிச்சோம்."

"வரிசையத் தப்பாச் செஞ்சிருக்கோம்" என்றார் வித்தோமிர், எதையோ பழுது பார்த்தவர்போல. "கிளட்ச்ச மிதிக்காம கியரப் போட்டா என்னாகும்? சரி. ஸாகோர்கா, பைஜாமாவ எடுத்து வை. நல்லதா ஒண்ணு எடு."

பயமா இருக்கா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பதினான்காம் தேதி காலை ஆஸ்பத்திரி வாசலில் தங்கையின் கையை ஒரு நிமிடம் எலும்பு நோகப் பிடித்திருந்தார், அவ்வளவுதான். கையெழுத்துப் போடச் சொன்ன படிவத்தில் எல்லாம் போட்டார். மயக்க மருந்து கொடுக்க வந்தவரிடமும் அந்தக் காகிதத்தைக் காட்டிவிட்டுத்தான் படுத்தார்.

மூன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் லாஸிச் வெளியே வந்து, சுத்தமாக எடுத்தாயிற்று, இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கல்லீரலுக்குப் போயிருக்கும் என்றார். பை மூன்று மாதத்துக்கு மட்டும். ஸாகோர்கா நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். நெவேன்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் வித்தோமிர் எழுந்து உட்கார்ந்தார். நெவேன்கா போர்வையை இழுத்துவிடப் போனால் கையைத் தட்டிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "சுமார் ஆளுங்கதான் வெறும் ஆபரேஷன் பண்ணிக்குவாங்க. எனக்கு இது முன்னேற்பாடு. கத்தி கதவத் திறந்து விடும், அவ்வளவுதான். வேலை பண்றது சரக்கு. டாக்டர் எப்ப சொல்றாரோ அப்ப ஆரம்பிக்கணும்." அந்தப் பையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. போர்வைக்கு வெளியே அது தெரிந்தபடிதான் இருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் டாக்டர் லாஸிச் அவளை நிறுத்தினார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். அவளுடைய காகிதத்தின் நகல், பலர் கை பட்டுக் கசங்கியது.

"நீங்கதானே அந்த நிலையத்துல வேலை பாக்கறது? இந்த வாரம் மட்டும் இதோட நாலு பேர் வந்திருக்காங்க. டிவியப் பாத்துட்டு ரெண்டு வாரமா என் போனையே எடுக்காதவங்க. உங்கண்ணனோட கூட வேலை பாத்த பஸ் டிரைவருங்க கைமாத்திக் கைமாத்திக் குடுத்திருக்காங்க போல. முதல்ல கத்தி, அப்புறம் சரக்குன்னு அவங்களே வந்து படுக்கறாங்க." காகிதத்தை விரித்தார். "ஒண்ணு கேக்கறேன். இதுல எழுதியிருக்கறது உண்மையா?"

நெவேன்கா அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

"இல்ல டாக்டர். நான் எழுதினது. முழுப் பொய். அப்படி ஒரு சோதனையே நாங்க பண்ணல."

டாக்டர் லாஸிச் காகிதத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் காப்பில முத்திரை சரியா விழல" என்றார். "அசல் எங்க இருக்கு?"

"அண்ணன் தலையணைக்கு அடியில."

"அதுலேர்ந்து ஒரு இருபது காப்பி எடுத்துக் குடுங்க. மெஷின் கீழ்த்தளத்துல இருக்கு."

நெவேன்கா அண்ணனின் அறைக்குள் திரும்பிப் போனாள்.